புரட்டாசியில் விதை, தையில் பூ: மொட்டைமாடியில் காலிபிளவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்கறிச் செலவு குறையும் என்ற கணக்கில் காலிபிளவர் வைக்க நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு வெண்டைக்காய்க்குப் போய்விடலாம். கத்தரிச் செடி மாதக்கணக்கில் காய்க்கும். கொத்தவரை பறிக்கப் பறிக்க வரும். காலிபிளவரோ விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 100 நாள் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு பூவைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்தப் பூவும் எப்போது வரும்? ஓசூர், கோலார் பக்கத்து லோடு கோயம்பேட்டில் வந்து குவிந்து, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காலிபிளவர் சீப்பட்டுக் கிடக்கும் தை மாதத்தில்தான் வரும்.

அப்படியும் வைப்பதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரு நல்ல காரணம் உண்டு. கடைக் காய்களில் பூச்சிமருந்து அதிகம் விழுபவற்றில் காலிபிளவரும் ஒன்று. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பயிரின் முக்கிய எதிரியான வைரமுதுகு அந்துப்பூச்சி மருந்துக்குப் பழகிப்போவதில் உலகப் புகழ் பெற்றது. டிடிடி மருந்தையே எதிர்த்துப் பிழைக்கக் கற்ற முதல் பயிர்ப்பூச்சி இதுதான். 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் அதைக் கண்டார்கள். 1960களில் பஞ்சாபிலும் மருந்து பலிக்கவில்லை என்ற பதிவு வந்துவிட்டது. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் இரண்டையும் கலந்து என்று வயலில் தெளிப்பு கூடிக்கொண்டே போகிறது. மாடியில் பத்துப் பைதான் இருக்கிறது என்றால் அந்தப் புழுவை விரலால் எடுத்துவிட முடியும். அந்த ஒரு வசதிக்காகவே வைக்கலாம்.

எந்தத் தேதியில் விதைப்பது

காலிபிளவரைப் பொறுத்தவரை உரம், மண், மருந்து எல்லாம் பிறகுதான். தேதி தப்பினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் தேதியை மறக்கமாட்டீர்கள்.

நாம் வெட்டிச் சமைக்கும் அந்த வெள்ளைக் கட்டி இன்னும் பூவாகவில்லை. பூவாக மாறத் தொடங்கிய குருத்து நுனிகள் அந்த வேலையை முடிக்க முடியாமல் மறுபடி குருத்தாகின்றன. அதிலிருந்து கிளைத்த நுனியும் பூவாகப் பார்த்து முடியாமல் திரும்பக் கிளைக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கில் அடர்ந்து திரண்டதுதான் அது. 2021இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வுக்குழு ஒன்று 'ஸயன்ஸ்' இதழில் இதைப் படிப்படியாக விளக்கியது. ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். முழுப் பூவின் அச்சில் குட்டிப் பூ, அதை ஒடித்தால் அதன் அச்சில் இன்னும் சிறியது.

இலை விட்டுக்கொண்டிருக்கும் செடி இந்த வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் அதற்குக் குளிர்ச்சி பட வேண்டும். எவ்வளவு குளிர்ச்சி என்பது ரகத்துக்கு ரகம் வேறு. ஸ்னோபால் வகைக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். இடைப்பருவ ரகங்களுக்கு 12 முதல் 20 வரை. முன்பருவ ரகங்கள் மட்டும் 20 முதல் 27 டிகிரியிலேயே பூ கட்டிவிடும். சென்னையில் மார்கழி, தை மாதங்களில் பகல் 29, 30 டிகிரி. விடியற்காலை 21, 22. கூட்டிப் பிரித்தால் 25ஐ ஒட்டி நிற்கும். நம் ஊருக்குக் கிடைக்கும் குளிர் அவ்வளவுதான். நாமெல்லாம் மஃப்ளர் சுற்றிக்கொண்டு சபா கேன்டீன் வரிசையில் நிற்கும் அதே நாட்களில் முன்பருவக் காலிபிளவருக்கு மட்டும் 'சரி, பூக்கலாம்' என்று தோன்றுகிறது. ஸ்னோபாலுக்கு அது கோடைக்காலம். பாக்கெட்டில் பனிக்கட்டி மாதிரிப் படம் போட்டிருக்கிறதே என்று ஸ்னோபால் விதையை வாங்கி விதைத்தால் ஆள் உயர ஆசையும் முழங்கால் உயர இலையும்தான் மிஞ்சும்.

ஆகவே பூ கட்டும் வாரங்கள் மார்கழிக்கும் தைக்கும் இடையில் விழும்படி பின்னோக்கி எண்ண வேண்டும். முன்பருவ ரகம் நட்டதிலிருந்து 60 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். அதற்கு முன் நாற்றுக்கு 25 முதல் 30 நாள். எண்ணிப் பார்த்தால் விதைப்பு புரட்டாசியில் வந்து நிற்கும்: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. நடவு ஐப்பசியில்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இந்தப் பயிருக்குச் சொன்னதில்லை. ஆடியில் விதைத்தால் செடி ஐப்பசிப் புழுக்கத்தில் பருவத்துக்கு வந்துவிடும். பூ கட்டாது, கட்டினாலும் அடைமழையில் அழுகும். மழை ஓயட்டும் என்று கார்த்திகைக் கடைசி வரை காத்திருந்து விதைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய செடி மாசி வெயிலில் பூ விடும்: மேற்பரப்பு அரிசி தூவியதுபோல் நொறுநொறுவென்று பிரிந்து, மஞ்சளாகி, நடுவே குட்டி இலைகள் முளைத்து வரும். சாப்பிடலாம், தப்பில்லை. அக்கம்பக்கத்துக்குக் காட்டத்தான் முடியாது.

என் யோசனை, புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு தட்டும் மூன்றாம் வாரத்தில் இன்னொரு தட்டும் போடுங்கள். எந்தப் புயல் எந்தத் தட்டைக் கொண்டுபோகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2016இல் வர்தா டிசம்பர் 12 அன்று வந்தது. 2023இல் மிக்ஜாம் அந்த மாத முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

விதை

இந்தப் பயிர் இந்தியாவுக்கு வந்தது 1822இல். கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த சகாரன்பூர் தோட்டத்தில் இங்கிலாந்து விதையை விதைத்துப் பார்த்தார்கள். வந்தது குளிர்நாட்டுச் செடி. கங்கைச் சமவெளி விவசாயிகள் வெயிலில் தப்பிப் பூத்த செடிகளிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் விதை எடுத்து எடுத்து, நூறு நூற்றைம்பது வருடத்தில் வெயில் தாங்கும் ஒரு தனி வகையையே உண்டாக்கிவிட்டார்கள். இன்று சென்னை மாடியில் காலிபிளவர் பூக்கிறது என்றால் அந்தப் பெயர் தெரியாத விவசாயிகளின் தயவுதான்.

அந்த வழியில் வந்த எர்லி குன்வாரி, பூசா தீபாலி, பூசா மேக்னா ஆகியவை நமக்கு ஏற்றவை. தனியார் கம்பெனிகளின் வீரிய ஒட்டு விதைகளும் கிடைக்கும். பாக்கெட்டில் 'முன்பருவம்' அல்லது 'வெப்பமண்டல ரகம்' என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே பொட்டலம் கட்டிய தேதி. நம் ஊர்க் கடையில் ஒரு சித்திரை வெயிலைக் கண்ட விதைக்கு முளைப்புத் திறன் கணிசமாகக் குறைந்திருக்கும். விதை கடுகு அளவுதான், கடுகின் உறவும்கூட. ஒரு கிராமில் 300க்கு மேல் இருக்கும். பத்துச் செடி வைப்பவருக்குச் சின்னப் பாக்கெட்டே அதிகம். மாடித்தோட்டம் போடும் நாலு பேர் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையை வாங்கலாமா என்று கேட்பார்கள். பைக்காகவும் தென்னைநார்க் கட்டிக்காகவும் தாராளமாக வாங்கலாம். அதில் வரும் விதைகள் கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை மாதிரியானவை. காலிபிளவர் விதையைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

மாடி தாங்குமா

செடிக்கு நேர் வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய நாலு மாடிக் குடியிருப்புகளில் இதுவே பெரிய சிக்கல். பக்கத்தில் ஐந்தாவது மாடி எழுப்பியிருந்தால் மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது உங்கள் மாடி பாதி நாள் நிழலில் கிடக்கும். புரட்டாசியில் வெயில் அடித்த இடம் மார்கழியிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். தெற்குப் பக்கம் மறைப்பு இல்லாத மூலையைப் பிடியுங்கள்.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பழைய வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'மெட்ராஸ் டெரஸ்' என்ற அந்தக் கால மாடி, தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்தது. பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஒரு 12 அங்குலப் பை நனைந்தால் 20 கிலோவைத் தாண்டும். இருபது பை வைத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், பைக்கு அடியில் காயாமல் நிற்கும் ஈரம். அது சுண்ணாம்பில் இறங்கி உத்தரத்தைத் தொட்டுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மாடியை விட்டுவிட்டு முற்றத்திலோ கிணற்றடியிலோ வைப்பதே மேல். கான்கிரீட் மாடி என்றால் சுவரை ஒட்டியும் பீம் ஓடும் வரிசையிலும் வையுங்கள். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் தண்ணீர் வடியும், பெருக்கவும் வசதி. பொது மாடியாக இருந்தால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் பை வைத்து மனஸ்தாபம் ஆன கதைகள் எல்லாக் கட்டடத்திலும் இருக்கின்றன.

மண்ணுக்குச் செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், அலசிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. தென்னைநாரை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதில் உப்பு இருக்கும்.

தண்ணீரிலும் உப்புதான் பிரச்சினை. அடையாறு, பெசன்ட் நகரில் கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. காலிபிளவர் ஓரளவுக்கு மேல் உப்பைத் தாங்காது. இலை விளிம்பு கருகியதுபோல் காய்ந்து வந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நல்லவேளையாக இது மழைக்காலப் பயிர். 2003 முதல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடிக்குழாய் ஏற்கெனவே இருக்கும். அதன் வழியில் ஒரு டிரம்மை வைத்தால் மார்கழி வரைக்கும் செடிக்குப் போதும். மூடி போட்டு, வலை கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மாநகராட்சியின் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்து நிற்பார்கள், அவர்கள் வருவதில் நியாயமும் இருக்கிறது.

நாற்றும் மழையும்

சென்னையில் இந்தப் பயிரின் உண்மையான சோதனை வெயில் இல்லை. குளிர் வந்து சேரும் வரை நாற்று வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டும். நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், நவம்பரில்தான் மிக அதிகம். சரியாக உங்கள் நாற்று பிஞ்சாக இருக்கும் சமயம்.

குழித்தட்டில் தென்னைநாரையும் மண்புழு உரத்தையும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில். ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிட்டால் நாற்றழுகல் குறையும். நாலைந்து நாளில் முளைக்கும். தட்டைக் கூரைக்கு அடியில், ஆனால் வெளிச்சத்தில் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் நாற்று நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். மழையில் விட்டால் கழுத்து அழுகும். ஒரு கண்ணாடித்தாள் சாய்ப்பு இருந்தால் இரண்டுக்கும் தீர்வு. சாய்ப்பில் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். தார்ப்பாய் வேண்டாம், வெளிச்சத்தை மறைத்துவிடும்.

நாலைந்து இலை வந்ததும் நடவேண்டியதுதான். மழை நிற்கட்டும் என்று நாற்றைத் தட்டிலேயே 40, 45 நாள் வைத்திருக்கக் கூடாது. தட்டில் முற்றிய நாற்று, நட்ட பிறகு வளர மறந்து, நெல்லிக்காய் அளவில் ஒரு பூவைக் கட்டிவிட்டு நின்றுவிடும். விவசாயப் புத்தகங்களில் இதைப் பொத்தான் பூ என்பார்கள். ஐப்பசியில் மழை விடும் நாள் ஒன்றாவது இருக்கும். மாலை நேரமாகப் பார்த்துப் பைக்கு ஒரு நாற்று, முதல் இலைக் காம்பு வரை மண்ணில் இறங்கும்படி நட்டுவிடுங்கள். நடு குருத்து முறிந்திருந்தால் அந்த நாற்றை எறிந்துவிடுங்கள், இலை விடும், பூ வராது.

பொத்தான் பூவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, நம் ஊரில் அதுதான் அதிகம். மூன்று நாள் அடைமழை பெய்தால் பையிலிருக்கும் தழைச்சத்து அடி ஓட்டை வழியாக வடிந்துபோய்விடும். செடி பசியில் இருக்கும்போது குளிரும் வந்துவிட்டால், உடம்பு தேறுவதற்கு முன்பே பூ கட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஊட்டம் கொடுங்கள். கடலைப் புண்ணாக்கு ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் விட்டு, பைக்கு அரை லிட்டர். வாசனை மாடி முழுக்க அடிக்கும். கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு வரும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நட்ட மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் ஒரு கை மண்புழு உரம் போட்டு மண் அணைக்க வேண்டும்.

போரான் சத்துக் குறைவும் தென்னைநார் கலவையில் வரும். பூவின் மேல் தண்ணீர் ஊறியதுபோல் திட்டு தோன்றி, பிறகு துருப்பழுப்பாகும், கசக்கும். தண்டை வெட்டினால் உள்ளே பொந்து. பூ கட்டுவதற்கு முன்பு லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து ஒருமுறை இலைமேல் தெளித்தால் போதும். நல்லது என்று கூட்டிப் போட்டால் அதுவே விஷம்.

புழு

காலையில் காப்பி தம்ளரோடு மாடிக்குப் போகும் பழக்கம் உள்ளவருக்கு இந்தப் பயிர் பாதி எளிது. இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைச் சதையை மட்டும் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடிபோல் விட்டுவைத்த சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரிந்தால் வைரமுதுகுப் புழு வந்தாயிற்று. அரை அங்குலத்துக்கும் குறைவு, இளம்பச்சை, இரண்டு பக்கமும் கூர்ந்த உடம்பு. தொட்டால் பின்பக்கமாக நெளிந்து ஓடி, மெல்லிய நூலில் இலையிலிருந்து தொங்கும். அந்த நூலோடு சேர்த்து எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். புரோடீனியா என்ற இன்னொரு அந்துப்பூச்சியோ கொத்தாக முட்டை இட்டு அதன் மேல் பழுப்பு ரோமம் போர்த்தியிருக்கும். இலையோடு கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழு ஒரே கிள்ளில் போகும். சாம்பல் பூசியதுபோல் குருத்தில் அடையும் அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி கழுவிக்கொண்டு போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்பு.

கை மீறிப்போனால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை மாலையில் தெளிக்கலாம். அது வெயிலில் வீரியம் இழக்கும், புழு தின்றால்தான் வேலை செய்யும். வைரமுதுகு இதற்கும் சில நாடுகளில் பழகிவிட்டது என்பதால் வாராவாரம் அடிக்காதீர்கள். அதைவிட எனக்குப் பிடித்த உபாயம் கடுகு. வயலில் முட்டைக்கோசுக்கு நடுவே கடுகு வரிசை விதைக்கச் சொல்வார்கள். அந்துப்பூச்சிக்கு அதன் மேல் மோகம் அதிகம், முட்டையை அங்கே கொண்டுபோய் இடும். மாடியில் நாலு மூலையிலும் ஒரு தொட்டியில் அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தூவினால் போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தூவி, பழைய செடியைப் புழுவோடு பிடுங்கிக் குப்பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். பிடுங்க மறந்தால் மூலைக்கு மூலை பூச்சிப் பண்ணை வைத்த கதையாகிவிடும்.

பூ கட்டியதும்

மார்கழி நடுவில் ஒரு நாள் குருத்தின் உள்ளே எட்டிப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே வெள்ளையாக எலுமிச்சம்பழ அளவில் ஏதோ தெரியும். அன்றிலிருந்து வெயில் அதன் மேல் படக் கூடாது. பட்டால் மஞ்சளாகும், சுவையும் சற்று மாறும். உள்வட்டத்து இலைகள் இரண்டை மேலே மடித்து மூடுங்கள். முன்பருவ ரகங்களுக்கு இலை சற்று விரிந்தே நிற்கும், தானாக மூடிக்கொள்ளாது. கட்டுவதற்கு வாழைநார் நல்லது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டும் கடைகளில் இரண்டு பிரி கேட்டால் காசு வாங்கக்கூட மாட்டார்கள். பிளாஸ்டிக் கயிறு இலைக் காம்பை அறுக்கும். கட்டிவிட்டு மறந்துவிடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். பனியும் மழைத் தூறலும் உள்ளே தங்கினால் கறுப்புப் புள்ளி விழும், புழுவுக்கும் அதைவிடச் சுகமான இருட்டறை கிடையாது.

எலுமிச்சை அளவிலிருந்து வெட்டும் அளவுக்கு வர நம் சூட்டில் ஏழு முதல் பன்னிரண்டு நாள்தான். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்ற ஆசையில்தான் பல பூக்கள் வீணாகின்றன. ஓரத்துக் கொத்துகள் லேசாக விலகத் தொடங்கினால் அதுதான் கடைசி நாள். மாடிப் பையில் அரைக் கிலோ வந்தால் நல்ல விளைச்சல்; கடையில் பார்க்கும் அளவை எதிர்பார்க்க வேண்டாம். வெயில் ஏறுமுன் நாலைந்து இலையோடு சேர்த்துத் தண்டை வெட்டுங்கள். மருந்தில்லாத பூ என்றாலும், உடைத்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுப்பதை விடாதீர்கள். நீங்கள் பார்க்காத புழு ஒன்று நிச்சயம் மிதக்கும்.

இளம் இலையையும் தண்டின் உட்சதையையும் எறியாதீர்கள். இலையைப் பொடியாக அரிந்து பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், முள்ளங்கிக் கீரையைவிடக் காரம் குறைவு. திவச நாட்களில் இங்கிலீஷ் காய் சேர்க்காத வீடுகளில் அறுவடை அந்தத் தேதியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டி வைத்த பூ ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், செடியில் விட்ட பூ இரண்டு நாள் தாங்காது.

வெட்டியதும் வேரோடு செடியைப் பிடுங்கிவிடலாம். ஒருமுறை வெட்டிய செடி மறுபடி பூக்காது. அதே மண்ணில் முட்டைக்கோஸ், முள்ளங்கி, நூல்கோல் என்று இதே குடும்பத்தை வைக்காமல், மண்ணை ஒரு வாரம் வெயிலில் ஆறவிட்டு, இரண்டு கை தொழு உரம் கலந்து, மாசியில் வெண்டையோ கொத்தவரையோ ஊன்றுங்கள். வெண்டைக்கு அடுத்த அத்தியாயம்.